வேம்படித்துறை மட்டும் மஞ்சள்

அண்ணாச்சி, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதியளா? கூட்டத்துல எவனாவது இடிச்சிட்டான்னா உள்ள இருக்கது பொடிஞ்சு போயிரும். கனம் ரொம்ப இல்ல. ஒரு சின்னப் பெட்டி, கொஞ்சம் வயரு, ஒரு சின்ன இரும்புக் கூடு, அம்புட்டுதான். ஆங், அப்படித்தான். நிமுத்தி வச்சுக்கோங்க. நீங்க எங்க, உவரிக்கா? அப்ப கடைசி வரைக்கும் இருக்கிய. நான் வேம்படித்துறை. திருச்செந்தூர் தாண்டிப் போவணும்.

ஞாயித்துக்கிழமை அதுவுமா ஆபீஸ் வேலையான்னு கேக்குதிய. ஆமா, வேலைதான். ஒரு பொம்பள செஞ்சு வச்ச காரியத்துக்கு நான் லீவு நாள்ல பஸ்ல தொங்கிக்கிட்டு வாறேன். வீட்டுக்காரி கோமதி காலைல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. அவ கோவம் வேற. அதைப் பொறவு சொல்லுதேன்.

என் பேரு திருமேனி. தூத்துக்குடில ஒரு கம்பெனில கம்ப்யூட்டர் வேலை. கடக்கரை ஊர்கள்ல மீன் எறக்குற எடத்துல கம்பத்துல ஒரு ஸ்பீக்கர் கட்டியிருக்கும், பாத்திருக்கியளா? காத்து எப்படி, அலை எப்படி, இன்னைக்குக் கடலுக்குப் போலாமா வேண்டாமான்னு ஒரு பொம்பளக் குரல் பேசும். அது எங்க பெட்டிதான். பேசுதது மெசினு. தகவல் எங்க ஆபீஸ் சர்வருக்கு வரும், பெட்டி அதை எடுத்து வாசிக்கும். மொத்தம் அறுபத்திரண்டு ஊரு. அத்தனைக்கும் நான் ஒருத்தன்.

முன்னால ஒரு பெட்டில ஒரு சின்ன மாத்தம் செய்யணும்னாலும் பைக்கை எடுத்துக்கிட்டு அந்த ஊருக்கே போவணும். ஒரு ஊர்ல மணி தப்பா ஓடும். ஒரு ஊர்ல சத்தத்தைக் கொறச்சு வச்சிருப்பாவ. ஒரு ஊர்ல எவனோ கிரிக்கெட் கமென்ட்ரியைப் போட்டு விட்டுருந்தான். எனக்கு அது ஆவாது அண்ணாச்சி. சின்ன வயசுல இருந்தே ஒரு பொருள் வச்ச எடத்துல இருக்கணும் எனக்கு. எங்க வீட்டுல உப்பு டப்பா அலமாரில ரெண்டாவது தட்டு, இடது ஓரம். கோமதி அதை எடுத்து அடுப்புப் பக்கத்துல வைப்பா. நான் சண்டை போடமாட்டேன். எடுத்துத் திரும்ப ரெண்டாவது தட்டுல வச்சிருவேன். அவ திரும்ப எடுப்பா, நான் திரும்ப வைப்பேன். கல்யாணம் ஆனதுல இருந்து இப்படித்தான் ஓடுது.

அதான் இந்த டூல் வந்ததும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. படம், பட்டன் ஒண்ணும் கெடையாது. கறுப்புத் திரை. ஒரு வரி கமாண்டைத் தட்டணும், அம்புட்டுதான். ஒரே ஒரு ஃபைல்ல ஒரு பெட்டி எப்படி இருக்கணும்னு எழுதி வச்சிருப்பேன். மணி இது, சத்தம் இம்புட்டு, வாசிக்கது மூணு தடவ, ராத்திரி பத்துல இருந்து காலைல நாலு வரைக்கும் வாயைத் தொறக்கக்கூடாது. கமாண்டைத் தட்டுனா டூல் அறுபத்திரண்டு பெட்டிக்குள்ளயும் போயி, ஃபைல்ல சொன்னபடி இருக்கான்னு பாக்கும். இருந்தா அந்த ஊர் பேரு திரைல பச்சையா வரும். இல்லன்னா நம்மகிட்ட கேக்காது, அதுவே மாத்திட்டு மஞ்சளாக் காட்டும். பெட்டிக்குள்ள போவவே முடியலன்னாதான் சிவப்பு. தட்டிட்டு டீயைக் கையில எடுத்தா, மேல இருந்து கீழ வரைக்கும் பச்சை பச்சையா எறங்கும். அதைப் பாத்துக்கிட்டே டீ குடிக்கணும் அண்ணாச்சி. வேற என்ன வேணும் மனுசனுக்கு.

ராத்திரி ஏன் பேசக்கூடாதுன்னு கேக்குதியளா? ஒரு ஊர்ல நடுச்சாமத்துல ஸ்பீக்கர் அலறி, புள்ளைங்க எல்லாம் முழிச்சு அழுது, ஊரே திரண்டு வந்து கத்துனாவ. அதனால எல்லா ஊருக்கும் சேத்து ஒரு வாய்ப்பூட்டு போட்டேன். எல்லா ஊரும் காலைல நாலு, நாலரைக்கு மேலதான வள்ளத்தைத் தள்ளுது. நாலு மணிக்குப் பேசுனாப் போதும். கணக்கு சரியாத்தான இருக்கு? ஒரே ஒரு எடத்துல மட்டும் காலைல எட்டு வரைக்கும் பூட்டு. எங்க முதலாளிக்குக் கடக்கரைல ஒரு பங்களா இருக்கு. சனி ஞாயிறு வந்து தங்குவாரு. நாலு மணிக்கு ஸ்பீக்கர் பேசுனா தூக்கம் கெடுதுன்னாரு. ஃபைல்ல அந்தப் பெட்டிக்குன்னு தனியா ஒரு வரி சேத்து விட்டேன். அது பெரிய எடத்து விசயம், அதை விடுங்க.

வேம்படித்துறை கதைக்கு வாறேன். அங்க ஒரு பொம்பள, ரெஜினாள்னு பேரு. ஏலக் கூடத்துல கூட்டிப் பெருக்கிட்டு, எங்க பெட்டியையும் பாத்துக்கிடுவா. புருசன் தொபியாஸ் கடல் தொழிலு. பெட்டி மாட்டுன புதுசுல, கீபோர்டை வச்சு எப்படி மாத்தணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்ப டூல் எல்லாம் கெடையாதுல்லா. ஊருக்கு ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுத்தாத்தான் நமக்கு அலைச்சல் கொறையும். அது வெனையாப் போவும்னு யாரு கண்டா?

அந்த ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு. கிறிஸ்தவ ஊரு. ஞாயிறு கடன் திருநாள், பூசை பாத்தே ஆவணும். எவனும் வலையைத் தொடமாட்டான். இந்தக் கரைல நெறைய ஊர்ல அப்படித்தான். ஆனா மத்த ஊர்ல திங்கக்கிழமையும் விடியக்காலம்தான் போவாவ. வேம்படித்துறைல மட்டும், ராத்திரி பன்னெண்டுக்குக் கோயில் மணி அடிக்கும். அடிச்சா ஞாயிறு முடிஞ்சுது. மணிச் சத்தம் நிக்கதுக்கு முன்னால வள்ளத்தைத் தள்ளிருவாவ. தூரத்துல கடலுக்கடியில ஒரு பார் இருக்கு, பாறைத் திட்டு, அங்க சீலா மீனு கெடக்கும். மொதல்ல போறவனுக்குத்தான் மீனு.

அதனால இந்த ரெஜினாள் என்ன செய்வா, ஞாயிறு சாயங்காலம் பூசை முடிஞ்சதும் ஏலக் கூடத்துக்கு வந்து கையால அந்த வாய்ப்பூட்டை எடுத்து விட்டுருவா. ராத்திரி தகவல் வந்தா உடனே பேசட்டும்னு. திங்கக்கிழமை காலைல நான் ஆபீஸ் வந்து கமாண்டைத் தட்டுவேன். டூல் போயிப் பூட்டைத் திரும்பப் போட்டுரும். அடுத்த ஞாயிறு அவ எடுப்பா, அடுத்த திங்கள் நான் போடுவேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும் அறுபத்தொண்ணு பச்சை, வேம்படித்துறை மட்டும் மஞ்சள். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. வெள்ளை வேட்டில வெத்தலை எச்சி துப்புன மாதிரி. டீ எறங்காது.

போன் போட்டுச் சத்தம் போட்டேன். கையால தொடாதீங்கம்மா, எல்லாம் இங்கேருந்துதான் நடக்கும்னு. அவ மெதுவாத்தான் பேசுவா. "சார், மணி அடிச்சதும் எங்க ஆளுக போயிருவாவ. அதுக்கு முன்னால பேசுனாத்தான சார் பிரயோசனம்?" மாத்தம் வேணும்னா மனு கொடுக்கணும், கூட்டத்துல வச்சு முடிவு பண்ணுவோம்னு சொன்னேன். கொடுத்தா. ஊர்க் கமிட்டி கையெழுத்தோட கொடுத்தா. நானும் வரிசைல சேத்துட்டேன். கூட்டம் நடக்கணும்லா? முதலாளிக்கு நேரம் கெடைக்கணும்லா? ஒரு ஊருக்கு விட்டுக் கொடுத்தா அறுபத்தொரு ஊரும் வந்து நிக்கும் அண்ணாச்சி. பொறவு எதுக்கு இந்த டூல்?

திருச்செந்தூர் வந்துட்டு. பாதிக் கூட்டம் எறங்கிட்டு பாருங்க. இப்படி உங்க பக்கத்துலயே உக்காந்துக்கிடுதேன். பையை இங்க கொடுங்க. இருக்கட்டுங்கியளா? சரி, நீங்களே வச்சுக்கோங்க. நல்ல மனசு உங்களுக்கு.

எங்க விட்டேன்? மஞ்சள். அந்த மஞ்சளை என்ன செய்யன்னு யோசிச்சு, ஒரு வழி கண்டுபிடிச்சேன். திங்கக்கிழமை நான் வந்து தட்டுதது எதுக்கு? டூல் அரை மணிக்கு ஒருக்க தானே ஓடட்டும்னு வச்சு விட்டேன். எவன் கையால எதை மாத்துனாலும் அரை மணில பழையபடி ஆயிரும். நான் தூங்குனாலும் அது தூங்காது. முதலாளி தோள்ல தட்டுனாரு. இதைத்தான திருமேனி நான் இம்புட்டு நாளாக் கேட்டேன்னாரு.

அது ஓட ஆரம்பிச்ச மொத ஞாயிறு, என் மச்சான் மவளுக்குக் காதுகுத்து. மண்டபத்துல இருக்கேன், இந்தப் பொம்பள போன் போடுதா. ஒரு தடவ எடுக்கல. ரெண்டாவது தடவயும் எடுக்கல. பந்தில சாப்பாடு பரிமாறிக்கிட்டு இருக்கேன், எப்படி எடுக்க? மூணாவது தடவ கையைக் கழுவிட்டு எடுத்தேன். "சார், நான் எடுத்து விட எடுத்து விட, அது திரும்பத் திரும்பப் பூட்டிக்கிடுது. பெட்டி கெட்டுப் போச்சா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. வீம்பைப் பாருங்க, சாயங்காலத்துல இருந்து ஏலக் கூடத்துலயே உக்காந்து அரை மணிக்கு ஒருக்க எடுத்து விட்டுக்கிட்டே இருந்துருக்கா. போன்லயே திரையைத் தொறந்து, இன்னொருக்க கமாண்டைத் தட்டிப் பாத்தேன். அறுபத்திரண்டும் பச்சை. பெட்டி நல்லாத்தான்மா இருக்கு, எல்லாம் சரியா இருக்குன்னேன்.

"அப்ப தகவல் வந்தா பேசுமா சார்?"

பேசும்னேன். நீங்க போயிப் படுங்கன்னேன்.

பொய் இல்லையே அண்ணாச்சி? நாலு மணிக்குப் பேசும்லா. அத்தனையும் வெலாவாரியாச் சொல்லிக்கிட்டு இருக்க மண்டபத்துல எனக்கு நேரம் ஏது? அவளும் சரி சார்னு சொல்லிட்டு வச்சிட்டா. அப்பவும் ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லா, எத்தன மணிக்குப் பேசும்னு. கேக்கல. அதை எவனும் பேசமாட்டேங்கான்.

அன்னைக்குக் காத்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் இல்ல. பதினோரு மணிக்கு மேலதான் அவசரத் தகவல் வந்துருக்கு, சூறைக்காத்து வருது, எவனும் எறங்காதீங்கன்னு. சர்வருக்கு வந்துட்டு. சர்வர்ல இருந்து பெட்டிக்கும் போயிட்டு. ஒரு கொறை சொல்ல முடியாது. பெட்டி பத்திரமா வச்சிருந்துச்சு. பன்னெண்டுக்கு மணி அடிச்சிருக்கு. ஸ்பீக்கர் பேசலையே, அப்ப ஒண்ணும் இல்லைன்னு வள்ளத்தைத் தள்ளிட்டாவ.

நாலு வள்ளம் போச்சு. காத்து எந்திச்சதும் மூணு வள்ளம் எப்படியோ கரை சேந்துட்டு. தொபியாஸ் வள்ளம் வரல. அதுல அவரு, அவரு தம்பி, இன்னும் ரெண்டு பேரு. ஒருத்தன் மட்டும் டீசல் கேனைப் பிடிச்சு மெதந்துக்கிட்டு கெடந்து மறுநா தப்பிச்சான். ரெண்டு பேரு பொணமா ஒதுங்குனாவ. தொபியாஸ் கெடைக்கவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் இல்ல. கல்லறைல வெறும் சவப்பெட்டியைத்தான் எறக்குனாவளாம், அவரு சட்டையை வச்சு.

எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. ரெண்டு நாள் சோறு எறங்கல. ஆனா ஒண்ணு சொல்லுதேன், எங்க பெட்டி நாலு மணிக்குப் பேசிச்சு. ஒரு நொடி தப்பல. அந்நேரம் ஊர்ப் பொம்பளைங்க அத்தன பேரும் கரைல நின்னு, மழைல கடலைப் பாத்துக் கத்திக்கிட்டு இருந்தாவளாம். அப்ப ஸ்பீக்கர் தெளிவா, "மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்"னு வாசிச்சிருக்கு. மூணு தடவ வாசிக்கணும்னு ஃபைல்ல இருக்கு. மூணு தடவயும் வாசிச்சிட்டு. அம்புட்டுக் காத்துலயும் பெட்டி நிக்கல, கரண்டு போயும் பேட்டரில ஓடிருக்கு. அதை எவனாவது ஒருத்தன் பாராட்டுனானா?

ரெஜினாள் ஆபீசுக்கு வந்தா. கூட ரெண்டு மூணு பேரு. நான் பயந்துட்டேன், அடிக்க வாறாவளோன்னு. அவ சத்தம் போடல. அழுவவும் இல்ல. அழுதாலாவது ஆறுதல் சொல்லலாம். என் மேசைக்கு முன்னால நின்னு, அந்தப் பச்சைத் திரையை ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கேட்டா.

"நாங்க கேட்ட அந்த மாத்தத்தைச் செய்ய எம்புட்டு நேரம் ஆவும் சார்?"

உள்ளதைச் சொன்னேன். ஒரு வரிதான்மா, ஒரு நிமிசம்கூட ஆவாதுன்னேன். அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. இது என்ன கேள்வி அண்ணாச்சி? ஒரு நிமிசமா ஒரு மணியாங்கதா முக்கியம்? முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? இதைக் கோமதிகிட்டச் சொன்னேன். அவளும் அந்தப் பொம்பள மாதிரியே என்னைப் பாத்தா. அந்த பங்களா வரியைச் சேக்க எம்புட்டு நேரம் ஆச்சுன்னு கேட்டா. சோறு போட வந்தவ கேக்க கேள்வியா இது?

கேளுங்க, அதுக்கு மேலதான் கூத்து. போன வாரம் திரையைப் பாக்கேன், வேம்படித்துறை சிவப்பு. மஞ்சள்கூட இல்ல, சிவப்பு. பெட்டி செத்துட்டான்னு பாத்தா, இல்ல. அது பாட்டுக்கு சர்வர்கிட்டத் தகவல் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ராத்திரி எல்லாம் கேக்கு. வாயும் பேசுது. நான் உள்ள போனாத்தான் தொறக்கமாட்டேங்கு. அவ பாஸ்வேர்டை மாத்திட்டா அண்ணாச்சி. மாட்டுன அன்னைக்கு நான் சொல்லிக் கொடுத்ததை வச்சே என்னைய வெளிய தள்ளிட்டா. போன் போட்டா எடுக்கமாட்டேங்கா. எனக்கு நெஞ்சு எரியுது. நான் மாட்டுன பெட்டி. நான் எழுதுன ஃபைலு.

சும்மா கெடக்கட்டும்னு விட்டுருப்பேன். ஆனா நாளைக்கு ஆபீசுக்கு வேற மாநிலத்துல இருந்து பெரிய ஆளுக வாறாவ. அவிய கடக்கரைக்கும் நம்ம பெட்டி வேணுமாம், நானூறு ஊருக்கு. காலைல பத்து மணிக்குப் பெரிய திரைல அறுபத்திரண்டையும் காட்டணும். ஒரு சிவப்பு இருந்தாலும் அசிங்கம். முதலாளி சொல்லிட்டாரு, திருமேனி, பச்சை ஆக்கிட்டு வா, இல்லன்னா வராதேன்னு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குல்லா?

அதான் இந்தப் பையி. இதுல இருக்கது புதுப் பெட்டி. பழையதைக் கழத்திட்டு இதை மாட்டுனா முடிஞ்சுது. சாயங்காலம் அவ பூசைக்குப் போயிருப்பா, ஊரே கோயில்ல இருக்கும், அந்நேரம் வேலையை முடிச்சிருவேன். பெட்டிக்கு இரும்புக் கூடும் கொண்டு வந்துருக்கேன், பூட்டோட. இனி கீபோர்டை எவ சொருவுதான்னு பாக்கேன். வெளிய இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே ஸ்பீக்கர், அதே குரல். அவளே கண்டுபிடிக்கமாட்டா.

என்ன கேட்டிய? அந்த வரியா? ஞாயிறு ராத்திரிப் பூட்டை எடுக்கணும்னு ஃபைல்ல எழுத வேண்டிய வரியா? அது மனு வரிசைல இருக்கு அண்ணாச்சி, சொன்னேம்லா. கூட்டம் அடுத்த மாசம் வச்சிருக்கு. அது வரைக்கும் எல்லா ஊருக்கும் என்ன முறையோ அதுதான் இந்த ஊருக்கும்.

மத்தியானம் கெளம்பும்போது கோமதி உப்பு டப்பாவைக் கொண்டு வந்து என் செருப்புப் பக்கத்துல வச்சா. எடுத்து வைங்க பாப்போம்னா. எடுத்து ரெண்டாவது தட்டுல வச்சிட்டு வந்தேன். இவளுகளுக்கு எல்லாம் என்னதான் வேணும்னு எனக்கு வெளங்கல.

அந்தா கோயில் கோபுரம் தெரியுதுலா, அதான் வேம்படித்துறை. கரைல வள்ளத்தை எல்லாம் ஒழுங்கா ஏத்தி வச்சிருக்கானுவ பாருங்க. இன்னைக்கு ஞாயிறுல்லா. இனி ராத்திரிதான் தள்ளுவானுவ.

சரி, பாப்போம். பேச்சுத் துணைக்கு ஆள் கெடச்சதுல வந்ததே தெரியல. பையைக் கொடுங்க அண்ணாச்சி.

கொடுங்க.

என்ன இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கிய? பொடிஞ்சிரப் போவுது. வேற யாரு பையும் இல்ல, என் பைதான், கறுப்புப் பை. கண்டக்டர், ஒரு நிமிசம், நான் எறங்கணும். அண்ணாச்சி, ஏன் அழுவுதிய? உங்களுக்கு அந்த ஊர்ல யாரும் இருக்காவளா? நான் கேக்கவே இல்லையே. சொல்லுங்க, எறங்குன பொறவு போன்ல பேசுவோம். இப்பக் கையை எடுங்க. விசில் அடிக்கப் போறான்.

அண்ணாச்சி, பை.